8 போட்டால் போதுமா? புதிதாக வண்டி எடுப்பவர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா?

கேள்வி, 19 மே 2024

தங்கைக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வந்துவிட்டது. 30 நாள் கழித்துப் போய் 8 போட்டால் லைசென்ஸ். ஸ்கூட்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், கியர்கூடக் கிடையாது. இதற்குப் போய் கட்டாயப் பயிற்சி, வகுப்பு, சான்றிதழ் என்று கொண்டுவந்தால் இல்லாத வீட்டுக்கு இன்னொரு செலவு, புரோக்கருக்கு இன்னொரு வருமானம். நாமெல்லாம் வகுப்புக்குப் போயா கற்றுக்கொண்டோம்?

19 மே, இரவு

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நாம் வகுப்புக்குப் போகாமல்தான் கற்றுக்கொண்டோம். நம்மோடு சேர்ந்து அப்படிக் கற்றுக்கொண்டு இன்று உயிரோடு இல்லாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் இல்லையா?

பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, அவரவர் வண்டி, அவரவர் பெட்ரோல். வருகிறவர்களில் நிறையப் பேரிடம் ஏற்கனவே லைசென்ஸ் இருக்கிறது. "லைசென்ஸ் வாங்கியாச்சுங்க, ரோட்டுல எடுக்கத்தான் பயமா இருக்கு" என்றுதான் வருகிறார்கள். லைசென்ஸ் கொடுத்த பிறகும் ரோட்டில் ஓட்டத் தெரியாது என்று அவர்களே சொல்லும்போது, அந்தத் தேர்வு எதைச் சோதித்தது?

8 போடுவது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிப்பது, ஹேண்டிலைத் திருப்புவது, காலைத் தரையில் ஊன்றாமல் இருப்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அதைப் போடும்போது வண்டி வேகமாக நடக்கிற ஆள் அளவுக்குத்தான் போகும். அந்த வேகத்தில் விழுந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது 40இல், 50இல் போகும்போது குறுக்கே ஒரு ஆடோ ஆளோ வந்து நிறுத்தத் தெரியாமல் போவது. அதை 8 தொடுவதே இல்லை.

20 மே

"பயமுறுத்தாதீர்கள்" என்று ஒருவர். சரி, மத்திய அரசு வெளியிட்ட கணக்கையே தருகிறேன். 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே வருடம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,000க்கு மேல், அதில் 14,000க்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

22 மே

கட்டாயப் பயிற்சி கேட்பதற்கு முன்னால், இருக்கிற சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 15ஆம் விதி டிரைவிங் டெஸ்ட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. சிக்னல் காட்டுவது, முந்துவது, முந்த விடுவது, திரும்புவது என்று போகிற அந்தப் பட்டியலில் அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுவதும் இருக்கிறது. அதாவது நான் கேட்பது 1989இலேயே எழுதி வைத்தது. நடைமுறையில் 8 மட்டும் மிஞ்சிவிட்டது.

கார் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு 21 நாளுக்குக் குறையாமல் பயிற்சி, அதில் 10 மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து ஓட்ட வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது எத்தனை இடத்தில் முழுசாக நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

22 மே, மறுபடி

எல்எல்ஆர் வைத்துக்கொண்டு பின்னால் ஆள் ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. 3ஆம் விதி. பின்னால் உட்காரலாம் என்றால் அது லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஆள் மட்டும்தான். முன்னும் பின்னும் சிவப்பு எல் இருக்க வேண்டும். எல்எல்ஆர் வந்த மறுநாளே மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறவர்களை நான் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி திரும்புவதும் நிற்பதும் மாறிவிடும். தனியாக ஓட்டிப் பழகாத கைக்கு அது இன்னும் கஷ்டம்.

26 மே, ஞாயிறு

இன்று மைதானத்திலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "திடீர்னு ஒரு நாய் குறுக்கே வந்தா எந்த பிரேக்கைப் பிடிப்பீங்க?" பதில் எப்போதும் ஒன்றேதான், "பின் பிரேக்". ஏன் என்று கேட்டால், "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்னு வீட்டுல சொன்னாங்க". அப்பா சொன்னார், அண்ணன் சொன்னார், ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா சொன்னார். சொன்னவர்கள் எல்லோரும் அக்கறையோடு சொன்னவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒரு அறிவுரையால் நம் ஊரில் எத்தனை வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

விஷயம் இதுதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் போகும். முன் சக்கரம் தரையில் அழுந்தும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது சறுக்கும், நிற்காது. நிறுத்துகிற சக்தியில் பெரும்பகுதி, முக்கால்வாசி என்றே வைத்துக்கொள்ளலாம், முன் சக்கரத்தில் இருக்கிறது. 40இல் போகும்போது ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். கண்ணில் பட்டு கை பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகு காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னும் 9 மீட்டரில் நிற்கலாம், பின் பிரேக் மட்டும் என்றால் தோராயமாக 18. 60இல் போனால் 20, 40. இது சமமான தரையில் சராசரிக் கணக்கு. டயர் தேய்ந்திருந்தால் இதுவும் கிடையாது.

அப்போ தூக்கி அடிக்கும் என்பது பொய்யா? பொய் இல்லை. மணல் மேல் பிடித்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால், பயத்தில் கப்பென்று மொத்தமாக அழுத்தினால் விழுவோம். எனவே சொல்லித்தர வேண்டியது பிடிக்காதே என்பதை விட எப்படிப் பிடிப்பது என்பது. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், இரண்டு கையும் சேர்ந்து, முதலில் மெதுவாக ஆரம்பித்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். இதை முதலில் 15இல், பிறகு 25இல், அப்புறம் 35இல் என்று செய்ய வைக்கிறேன். சுண்ணாம்புக்கோடு போட்டு எங்கே நிற்கிறார்கள் என்று அளக்கிறோம். காலையில் வந்ததற்கும் கிளம்பும்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே கண்ணால் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு காலை நேரம் போதும். ஒரே ஒரு காலை. அதைக்கூட நாம் யாருக்கும் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

27 மே

"இப்ப வர்ற வண்டியில எல்லாம் சிபிஎஸ் இருக்கே, ஏபிஎஸ் இருக்கே" என்று வந்த பதிலுக்கு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுப்பது), அதற்குக் கீழே குறைந்தது சிபிஎஸ் (இரண்டு பிரேக்கையும் இணைப்பது), இது நல்ல விஷயம். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும். கொஞ்சம்தான். முழுசாக நிறுத்த வலது கையும் வேலை செய்ய வேண்டும். தன் வண்டியில் அது இருக்கிறதா என்றே தெரியாதவர்கள்தான் அதிகம், வாங்கிய கடையிலும் சொல்வதில்லை.

28 மே

புனே செய்தியை எல்லோரும் பேசுகிறார்கள். 17 வயதுப் பையன், விலையுயர்ந்த கார், இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்துவிட்டார்கள், பையனைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டது பற்றி நாடே கொதித்தது. கோபம் சரிதான். ஆனால் நம் தெருவில் டியூஷனுக்கு அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போகும் பத்தாம் வகுப்புப் பையன் மேல் நமக்கு அந்தக் கோபம் வருவதில்லையே, ஏன்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 199ஏ பிரிவு வந்தது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை எத்தனை வீட்டில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? "பக்கத்துல தானே" என்று சாவியைக் கொடுக்கிறோம்.

1 ஜூன்

இன்று காலையிலிருந்து வாட்சப்பில் ஓடுகிற செய்தி: "இன்று முதல் ஆர்டிஓ ஆபீசில் டெஸ்ட் கிடையாது, டிரைவிங் ஸ்கூலிலேயே லைசென்ஸ்". இங்கேயும் ஒருவர் அதைப் போட்டு, "பாருங்க, நீங்க கேட்ட கட்டாயப் பயிற்சி வந்துடுச்சு" என்கிறார். அப்படி எதுவும் வரவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் கொடுத்துவிட்டது, ஜூன் 1 முதல் புது மாற்றம் ஒன்றும் இல்லை என்று. இருப்பது 2021 ஜூலையிலிருந்தே உள்ள விதி. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு வகை. ஒரு ஏக்கர் நிலம், சிமுலேட்டர், டெஸ்ட் டிராக் எல்லாம் வைத்திருக்க வேண்டும், கனரக வாகனத்துக்கு 2 ஏக்கர். அங்கே காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டுவது. அதை முடித்துத் தேறினால் ஆர்டிஓ டெஸ்ட்டிலிருந்து விலக்கு. தெருமுனை டிரைவிங் ஸ்கூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த 29 மணி நேரம் நல்ல ஏற்பாடு, மனமார வரவேற்கிறேன். ஆனால் அது விரும்பிப் போகிறவர்களுக்கு. ஸ்கூட்டர் வாங்குகிற பனியன் கம்பெனித் தங்கச்சி நான்கு வாரம் எங்கே போவாள்?

2 ஜூன்

செலவு பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். கேள்வி கேட்டவர் சொன்னதில் எனக்கு உடன்பாடான பகுதி அதுதான். பயிற்சியைக் கட்டாயமாக்கி அதைத் தனியாரிடம் விட்டால் சான்றிதழ் விற்பனைக்கு வந்துவிடும், பயிற்சி நடக்காது. எனவே நான் பெரிய வகுப்பு எதுவும் கேட்கவில்லை. அரை நாள், பிரேக், பார்வை, திரும்புதல். இடத்துக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஊரிலும் கல்லூரி மைதானம் சும்மா கிடக்கிறது, டெஸ்ட் டிராக்கும் சும்மா கிடக்கிறது. மகளிர் குழுக்கள் வழியாக ஆட்களைச் சேர்க்கலாம்.

2018இல் ஒரு வாய்ப்பு வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம், விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம். விண்ணப்பிக்க எல்எல்ஆராவது வேண்டும் என்பதால் ஆர்டிஓ ஆபீஸ்களில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எவ்வளவு பெரிய மாற்றம் அது, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சொந்த வண்டியில் வேலைக்குப் போனார்கள். நான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும் அப்போதுதான், எங்கள் தெருப் பெண்கள் கேட்டதால். அந்த மானியத்தோடு அரை நாள் பயிற்சியையும் ஒரு நல்ல ஹெல்மெட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால்! இனி வரும் எந்தத் திட்டத்திலாவது சேர்க்கட்டும்.

2 ஜூன், பின்னர்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகன் இதைப் படித்துவிட்டு போன் செய்தான். அங்கே முதலில் எடுப்பது 2பி லைசென்ஸ், 200 சிசி வரை. பைக் ஓட்ட நம் ஊர் மாதிரி அண்ணன் கற்றுக்கொடுக்க முடியாது, பயிற்சிப் பள்ளியில்தான் சேர வேண்டும், பாடம் பாடமாகத் தேறி மேலே போக வேண்டும். அங்கேயும் 8 உண்டு! அதோடு குறுகலான பலகை மேல் ஓட்டுவது, கம்பங்களுக்கு நடுவே வளைந்து போவது, அப்புறம் அவசர பிரேக். குறித்த வேகத்தை எட்டி, குறித்த இடத்துக்குள் நிற்க வேண்டும். இங்கே வருடக்கணக்கில் பைக் ஓட்டியவன் அவன். முதல்முறை அவசர பிரேக் செய்யச் சொன்னபோதுதான் தன் முன் பிரேக் என்ன செய்யும் என்றே தெரிந்தது என்கிறான்.

பிரிட்டனில் 1990 டிசம்பரிலிருந்து சிபிடி என்று ஒரு கட்டாய அடிப்படைப் பயிற்சி. எல் போர்டு மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்கே அதை முடித்திருக்க வேண்டும், மூடிய மைதானத்தில் பழகியபின் குறைந்தது 2 மணி நேரம் பயிற்சியாளரோடு ரோட்டில் ஓட்ட வேண்டும். பிறகு வரும் பைக் தேர்வில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்டுவது ஒன்று.

9 ஜூன்

மின்சார ஸ்கூட்டர் பற்றிக் கேட்டிருந்தார்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ், பதிவு, எதுவும் வேண்டாம். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறார்கள். சத்தமே இல்லாமல் வரும் வண்டி, ஓட்டுவது 14 வயது, தலையில் ஒன்றும் இல்லை. 25இல் விழுந்தாலும் தலை தார்ரோட்டில்தான் அடிபடும். சில இடங்களில் வேகத்தைக் கூட்டிவிட்டு விற்கிறார்கள், அது சட்டவிரோதம். வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

12 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. இன்று காலை ஒரு ஸ்கூட்டரில் முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டு, பின்னால் இரண்டு. அம்மா மட்டும் ஹெல்மெட், அதுவும் கிளிப் மாட்டவில்லை. 4 வயதுக்கு மேல் இருந்தால் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். 4 வயதுக்குள் என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், குழந்தைக்கேற்ற ஹெல்மெட், 40க்கு மேல் போகக்கூடாது, இது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முன்னால் நிற்கும் குழந்தையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிரேக் பிடித்ததும் அது நேராக ஹேண்டிலில் போய் மோதும், பின்னாலிருந்து அம்மாவின் உடம்பும் அதன் மேல் வந்து விழும்.

ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூனிலிருந்து அது இல்லாததை விற்கவே கூடாது. ரோட்டோரத்தில் விற்கும் தொப்பி மாதிரியானவை போலீஸிடமிருந்து மட்டும்தான் காப்பாற்றலாம், 1,000 ரூபாய் அபராதம் மிச்சம். அப்புறம், துப்பட்டா, சேலைத் தலைப்பு. முடிந்து செருகிவிட்டு ஏறுங்கள். மைதானத்தில் இதைச் சரிபார்க்காமல் யாரையும் சாவி போட விடுவதில்லை.

16 ஜூன், ஞாயிறு

இன்று மைதானத்தை விட்டு வெளியே போனோம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலை எங்களுக்குப் பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அதைக் கடந்தாக வேண்டும். யூ டர்ன் தூரம் என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவது வழக்கமாகிவிட்டது. நான் கோபப்படுவதில்லை, தூரம் நிஜமாகவே தூரம். ஆனாலும் சுற்றித்தான் போக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் நேராக வருகிறவர் அந்தப் பக்கம் ஒரு வண்டி எதிரே வரும் என்று எதிர்பார்த்து வரமாட்டார்.

இன்னொன்று லாரி. லாரியின் இடதுபக்கம் ஒட்டிப் போகவே கூடாது. ஓட்டுபவருக்கு நாம் தெரியவே மாட்டோம். இதைப் புரிய வைக்க, தெரிந்த லாரிக்கார அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்தி ஒவ்வொருவரையும் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். இடதுபக்கம் நின்ற ஸ்கூட்டர் யார் கண்ணுக்கும் படவில்லை. ஒரு அக்கா கீழே இறங்கி, "நான் தினமும் அங்கதான் போறேன்" என்றார். எவ்வளவு பேசினாலும் வராத புரிதல் அது. பயிற்சி என்று ஒன்று வந்தால் இந்த லாரி சீட் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

20 ஜூன்

ஒருவர் கடுமையாக, ஆனால் சரியான கேள்வி கேட்டிருக்கிறார்: பயிற்சியால் விபத்து குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா? இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010இல் பைக் பயிற்சி பற்றிய ஆய்வுகளைப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதவில்லை, எந்தப் பயிற்சி பலன் தரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் முடிவு. நார்வேயில் வழுக்கும் சாலையில் கார் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களின் விபத்து கூடியது. நமக்குத்தான் சறுக்கினாலும் சமாளிக்கத் தெரியுமே என்று வேகம் கூடிவிட்டது.

இதைப் படித்தபின் நான் கேட்பதை இன்னும் சுருக்குகிறேன். வித்தை கற்றுத்தர வேண்டாம். சறுக்கவிட்டுச் சமாளிப்பது, வேகமாக வளைப்பது எதுவும் வேண்டாம். நிறுத்துவதும் பார்ப்பதும் மட்டும். அதையும் வகுப்பாக வைப்பதை விடத் தேர்வில் வைப்பது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. தேர்வில் எது இருக்கிறதோ அதைத்தான் நம் ஊரில் பழகுவார்கள். 8 இருப்பதால்தானே ஊர் முழுக்க 8 போட்டுப் பழகுகிறார்கள்? அங்கே 30 கிலோமீட்டரில் வந்து கோட்டுக்குள் நிறுத்து என்று இருந்தால், அண்ணனும் மாமாவும் அதையே சொல்லித் தருவார்கள். முன் பிரேக் பயமும் போகும், யாருக்கும் தனிச் செலவு கிடையாது. மைதானத்தில் கோட்டைத் தாண்டி நின்றவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அதனால் தைரியம் கூடவில்லை, "இவ்வளவு தூரம் போகுமா" என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

23 ஜூன்

மழை. மைதானம் சேறு, வகுப்பு இல்லை. முதல் மழையில் ரோட்டில் ஊறிய எண்ணெய் மேலே வரும், வெள்ளைக்கோடும் வழுக்கும். இன்று மட்டும் மெதுவாகப் போங்கள்.

1 ஜூலை

தேர்தல் முடிந்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். இன்று நானும் மைதானத்துப் பெண்கள் சிலரும் போய் மனு கொடுத்துவிட்டு வந்தோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர், அதனால் அவரிடம். இரண்டே கோரிக்கை. ஒன்று, 15ஆம் விதியில் உள்ளபடி இருசக்கர வாகனத் தேர்வில் அவசரமாக நிறுத்துவதையும் 8 போடுவதோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும், இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ட் டிராக்கை எல்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பழகுவதற்குத் திறந்துவிட வேண்டும். ரசீது கொடுத்திருக்கிறார்கள். மனுவின் வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், தட்டச்சு செய்து போடுகிறேன். உங்கள் மாவட்டப் பெயரை மாற்றிக்கொண்டு நீங்களும் கொடுக்கலாம்.